பழைய ஆட்டோமேட்டிக் காரும் கரிசல் வெயிலும்

விருதுநகர் மாவட்டத்தின் கிழக்கே அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டி வட்டாரங்கள் கண்மாய்களையும் வடகிழக்குப் பருவமழையையும் நம்பி வாழும் வானம் பார்த்த பூமியாகும். ஊர்கள் ஒன்றுக்கொன்று தொலைவில் சிதறிக் கிடப்பதாலும், உயர் சிகிச்சைக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர் கடந்து மதுரைக்குச் செல்ல வேண்டியிருப்பதாலும், நேரத்துக்கு ஒன்றென வரும் பேருந்தை மட்டும் நம்பியிருக்க இயலாத குடும்பங்கள் இங்கு மிகப் பல. மூட்டுவலியால் கிளட்ச் மிதிக்க முடியாத முதியோருக்கும், இளம்பிள்ளைவாதத்தால் இடக்கால் வலுவிழந்தோருக்கும், நடுவயதில் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளும் பெண்களுக்கும் கியர் மாற்றத் தேவையில்லாத ஆட்டோமேட்டிக் கார், பிறர் துணையின்றி வெளியே சென்று வரும் உரிமையையே அளிக்கிறது. புதிய காருக்கான தொகை எல்லோராலும் திரட்டக்கூடியதன்று; எனவே, பத்தாண்டு ஓடிய ஆட்டோமேட்டிக் காரைக் குறைந்த விலைக்கு வாங்கி அன்றாடப் பயன்பாட்டுக்கு வைத்துக்கொள்ளும் எண்ணம் நியாயமானதே. ஆனால், ஆட்டோமேட்டிக் என்ற ஒரே பெயரில் விற்கப்படும் கார்களுக்குள் அடிப்படையிலேயே வேறுபட்ட நான்கு இயந்திர அமைப்புகள் இருக்கின்றன. அவற்றுள் எது கரிசல் நாட்டின் வெயிலையும் புழுதியையும் உவர்நீரையும் தாங்கும், எதைப் பக்கத்து ஊர்ப் பட்டறையில் சரிசெய்ய முடியும் என்று அறியாமல் விலையை மட்டும் பார்த்து வாங்கினால், மலிவாகக் கிடைத்த காரே சேமிப்பை விழுங்கிவிடும்.

கியர் எதற்கு?

பெட்ரோல் எஞ்சின் ஒவ்வொரு வேகத்திலும் ஒரே அளவு முறுக்குவிசையைத் தருவதில்லை. நிமிடத்துக்குச் சில நூறு சுற்றுகளுக்குக் கீழே சென்றால் அது அணைந்துவிடும், மேல் வரம்பைத் தாண்டினால் அதன் உறுப்புகள் சிதையும். அசையாமல் நிற்கும் காரைப் பெயர்த்து நகர்த்தப் பெரிய விசை வேண்டும், ஓடத் தொடங்கிய காரை ஓட்டிச் செல்லச் சிறிய விசையே போதும் என்பதால், எஞ்சினின் சுழற்சியைத் தேவைக்கேற்பக் குறைத்தும் கூட்டியும் சக்கரங்களுக்கு அனுப்பப் பல்சக்கரங்கள் கொண்ட கியர் பாக்ஸ் தேவைப்படுகிறது. சுழன்றுகொண்டிருக்கும் எஞ்சினையும் நின்றுகொண்டிருக்கும் சக்கரத்தையும் அதிர்ச்சியின்றி இணைக்கும் பணியைக் கிளட்ச் செய்கிறது. அதன் தகடு, எஞ்சினோடு சுழலும் கனமான சக்கரத்தின் மீது முதலில் உராய்ந்து வழுக்கி, பின்னர் இறுகப் பற்றுகிறது. ஓட்டுநர்கள் ஹாஃப் கிளட்ச் என்று அழைக்கும் அந்த வழுக்கல் நிலையில் எஞ்சினின் ஆற்றலில் ஒரு பகுதி வெப்பமாகிறது. ஆட்டோமேட்டிக் என்பது, இந்த இணைப்பையும் கியர் மாற்றத்தையும் ஓட்டுநரின் இடக்காலும் இடக்கையும் செய்யாமல் இயந்திரமே செய்துகொள்ளும் ஏற்பாடு. அதை எவ்வழியில் செய்கிறது என்பதைப் பொறுத்தே வகைகள் பிரிகின்றன.

நான்கு வகைகள்

முதல் வகை, ஏ.எம்.டி. எனப்படும் தானியங்கு மேனுவல் கியர் பாக்ஸ். இதில் இருப்பது சாதாரணக் காரில் உள்ள அதே கியர் பாக்ஸும் அதே உலர் கிளட்ச் பிளேட்டும்தான். கிளட்சை அழுத்துவதையும் கியரைத் தள்ளுவதையும் மட்டும் ஒரு சிறு மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியின் ஆணைப்படி இயங்கும் இயக்கிகள் செய்கின்றன. இந்த இயக்கிகள், மின் பம்பு உருவாக்கும் எண்ணெய் அழுத்தத்தாலோ மின்மோட்டாராலோ இயங்கும். இந்தியாவில் இதைச் சாதாரணக் குடும்பங்களின் எல்லைக்குள் கொண்டுவந்தது 2014 பிப்ரவரியில் டெல்லியை அடுத்த கிரேட்டர் நொய்டாவில் நடந்த வாகனக் கண்காட்சியில் அறிமுகமான மாருதி செலேரியோ. இத்தாலியின் மாக்னெட்டி மரேலி நிறுவனத்தின் தொழில்நுட்பத்தில் அமைந்த அந்தக் காருக்கு, மேனுவல் ஆட்டோமேட்டிக் இரண்டிலும் லிட்டருக்கு 23.1 கிலோமீட்டர் என்ற ஒரே மைலேஜ் அறிவிக்கப்பட்டதால், ஆட்டோமேட்டிக் கார் பெட்ரோலைக் குடித்துத் தீர்க்கும் என்ற பழைய அச்சம் தளர்ந்தது. ஆல்ட்டோ கே10, வேகன் ஆர், டாட்டா நானோ, ஒரகடத்தில் தயாரான ரெனோ குவிட், இருங்காட்டுக்கோட்டையில் தயாரான 2018ஆம் ஆண்டுப் புதிய சான்ட்ரோ எனப் பல சிறு கார்களில் ஏ.எம்.டி. தொடர்ந்து வந்தது. இன்று குறைந்த விலையில் கிடைக்கும் பழைய ஆட்டோமேட்டிக் கார்களில் பெரும்பகுதி இவையே.

இரண்டாம் வகை, டார்க் கன்வெர்ட்டர் கொண்டது. ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபோட்டிங்கர் 1905இல் கப்பல்களுக்காகக் காப்புரிமை பெற்ற இக்கருவி, 1948இல் பியூக் கார்களில் இடம்பெற்று அமெரிக்கச் சாலைகளில் பரவியது. இதில் உராயும் கிளட்ச் தகட்டின் இடத்தில் எண்ணெய் இருக்கிறது: எஞ்சினால் சுழலும் ஒரு துடுப்புச் சக்கரம் எண்ணெயை வீச, எதிரிலுள்ள மற்றொரு துடுப்புச் சக்கரம் அந்த வீச்சைப் பெற்றுச் சுழல்கிறது. தேயும் தகடு இணைப்பில் இல்லாததால் புறப்பாடு மென்மையாக இருக்கும். ஆனால் எண்ணெய் கலங்கி வழுக்குவதால் ஆற்றல் இழப்பும் வெப்பமும் அதிகம். ஹூண்டாய் ஐ10, மாருதி ஏ-ஸ்டார் ஆகியவற்றின் நான்கு கியர் ஆட்டோமேட்டிக்குகளும் ஹோண்டா பிரியோவின் ஐந்து கியர் ஆட்டோமேட்டிக்கும் இவ்வகையைச் சேர்ந்தவை.

மூன்றாம் வகை, சி.வி.டி. எனப்படும் தொடர்மாற்றக் கியர் பாக்ஸ். இதில் படிப்படியான கியர்களே இல்லை. விரிந்து சுருங்கும் இரண்டு கூம்புக் கப்பிகளுக்கிடையே ஒரு பெல்ட் ஓடி, விகிதத்தை இடைவிடாமல் மாற்றுகிறது. 1980களில் வந்த கைனெட்டிக் ஹோண்டா முதல் இன்று ஊரெங்கும் ஓடும் கியரில்லா ஸ்கூட்டர்கள் வரை இதே தத்துவத்தில்தான் இயங்குகின்றன. காரில் இதை முதலில் பெருமளவில் பயன்படுத்தியது நெதர்லாந்தின் டாஃப் நிறுவனம், 1958இல். ஸ்கூட்டரில் ரப்பர் பெல்ட் காற்றில் குளிர்கிறது, தேய்ந்தால் எளிதில் மாற்றப்படுகிறது. இன்றைய காரிலோ எஃகுப் பெல்ட் எஃகுக் கப்பியைப் பற்றுவதால், அதற்கென வடிவமைக்கப்பட்ட எண்ணெயின் தரத்தையே அதன் ஆயுள் முழுவதும் சார்ந்திருக்கிறது. நிசான் மைக்ரா, மாருதி பலேனோ, ஹோண்டா ஜாஸ் ஆகியவற்றின் சில மாடல்கள் இவ்வகையின.

நான்காம் வகை, ஒற்றைப்படை, இரட்டைப்படைக் கியர்களுக்குத் தனித்தனிக் கிளட்ச் வைத்த இரட்டைக் கிளட்ச் அமைப்பு. ஓட்டுவதற்கு மிக இனிமையான இந்த அமைப்பு, 2013இல் வந்த ஃபோக்ஸ்வாகன் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. போன்ற கார்களில் இடம்பெற்றது. அதே 2013ஆம் ஆண்டு நவம்பரில், வெப்பமும் ஈரமும் மிக்க நாடுகளில் மின்கோளாறு ஏற்படக்கூடும் என்பதால், ஏழு கியர் பெட்டிகளிலிருந்த செயற்கை எண்ணெயை அகற்றித் தாது எண்ணெய் நிரப்புவதற்காக அந்நிறுவனம் உலகெங்கும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்தது. தட்பவெப்பம் எவ்வளவு நுட்பமாக ஒரு கியர் பெட்டியின் தலைவிதியைத் தீர்மானிக்கிறது என்பதற்கு இது தக்க சான்று.

வெப்பம் எங்கே பிறக்கிறது, எங்கே போகிறது?

ஏ.எம்.டி. காரின் கிளட்சில் பிறக்கும் வெப்பத்தைக் கணக்கிடுவது எளிது: கடத்தப்படும் முறுக்குவிசையை, வழுக்கும் இரு பக்கங்களின் வேக வேறுபாட்டால் பெருக்கினால் போதும். நிமிடத்துக்கு 1000 சுற்று வேறுபாட்டில் 40 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை கடத்தப்பட்டால், ஏறத்தாழ 4 கிலோவாட் வெப்பம், அதாவது வீட்டுக் குளியலறையிலுள்ள இரண்டு வாட்டர் ஹீட்டர்கள் சேர்ந்து தரும் வெப்பம், ஒரு சிறிய வளையத் தகட்டில் குவிகிறது. செலேரியோவின் எஞ்சின் தரவல்ல உச்ச முறுக்குவிசையான 90 நியூட்டன் மீட்டரில் இது பாதிகூட இல்லை. புறப்படும்போது ஓரிரு வினாடி மட்டும் நீடிக்கும் இந்த வழுக்கலைத் தகடு தாங்கிக்கொள்ளும். ஆனால் ஏற்றத்தில் பிரேக்கைப் பிடிக்காமல் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தே காரை நிறுத்தி வைத்திருந்தால், நிமிடக்கணக்கில் வெப்பம் ஏறித் தகடு கருகும். மலைச்சாலைகளில் ஏ.எம்.டி. கிளட்ச் விரைவில் தேய்வதற்கு இதுவே காரணம். அருப்புக்கோட்டைச் சீமை பெரும்பாலும் சமதளம். பாலங்களும் கண்மாய்க் கரை மேல் ஏறும் சாலைகளும் தவிர்த்தால் ஏற்றம் அரிது என்பதால், இந்நிலம் ஏ.எம்.டி.யின் மிகப் பெரிய பலவீனத்தை வெளிப்பட விடுவதில்லை. கடைவீதி நெரிசலில் அங்குலம் அங்குலமாக நகரும் நேரம்தான் இங்கு கிளட்சுக்குச் சோதனை. முன்னே உள்ள வண்டி போதிய இடம் விட்ட பிறகு ஒரே தடவையாக நகர்வது தகட்டின் ஆயுளைக் கூட்டும்.

எண்ணெயை நம்பும் டார்க் கன்வெர்ட்டரிலும் சி.வி.டி.யிலும் வெப்பத்தின் வேலை வேதியியல் சார்ந்தது. வெப்பநிலை ஒவ்வொரு 10 டிகிரி செல்சியஸ் உயரும்போதும் வேதிவினைகளின் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது பொறியாளர்கள் கைக்கொள்ளும் தோராய விதி. அதன்படி, தொடர்ந்து அதிக வெப்பத்தில் ஓடிய கியர் எண்ணெய் ஆக்சிஜனோடு வினைபுரிந்து, சிவப்பு நிறம் மங்கிப் பழுப்பாகி, கருகிய வாடையடிக்கத் தொடங்குகிறது. இத்தகைய பல கார்களில் இந்த எண்ணெய் ரேடியேட்டருக்குள் பதிந்த குழாய் வழியாகச் சென்று குளிர்கிறது. ரேடியேட்டர் வெளியேற்றும் வெப்பமோ, அதன் நீருக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டுக்கு நேர்விகிதத்தில் அமைகிறது: நீர் 90 டிகிரியில் இருக்கையில், 28 டிகிரிக் காற்றில் அந்த வேறுபாடு 62, சித்திரை வெயிலின் 40 டிகிரிக் காற்றில் அது 50 மட்டுமே. குளிர்விக்கும் திறனில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு, வெயிலாலேயே பறிபோகிறது.

இத்துடன் நிலத்தடி நீரின் இயல்பும் சேர்ந்துகொள்கிறது. பந்தல்குடிப் பகுதியில் சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டியெடுக்கப்படும் இவ்வட்டாரத்தில், பல இடங்களில் போர்வெல் தண்ணீர் உப்பும் கடினத்தன்மையும் மிக்கது. குளிர்விப்பான் திரவத்துக்குப் பதிலாக இந்தத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால், அண்டா அடியில் படிவதைப் போன்ற சுண்ணப் படலம் மெல்லிய குழாய்களுக்குள் படிந்து வெப்பம் கடத்துவதைத் தடுக்கிறது. உப்பு, உலோகத்தை அரித்து உள்குழாயில் துளையிட்டால் நீரும் கியர் எண்ணெயும் கலந்து கியர் பாக்ஸே பாழாகிறது. எனவே, ரேடியேட்டர் மூடியைக் குளிர்ந்த நிலையில் திறந்து, உள்ளிருப்பது நிறமுள்ள தெளிந்த திரவமா, துருவேறிய தண்ணீரா என்று பார்ப்பது, ஆட்டோமேட்டிக் காரைப் பொறுத்தவரை கியர் பாக்ஸுக்கான சோதனையும் ஆகும்.

பேட்டரி இறந்தால்

பேட்டரி தீர்ந்த காரை நான்கு பேர் தள்ளி, இரண்டாம் கியரில் போட்டுக் கிளட்சை விட்டு ஸ்டார்ட் செய்வது கிராமத்துச் சாலைகளில் பழகிய காட்சி. ஆட்டோமேட்டிக் காரில் இந்த வழி அடைபட்டுவிடுகிறது. டார்க் கன்வெர்ட்டர் காரில் எஞ்சின் சுழன்றால்தான் எண்ணெய்ப் பம்பு இயங்கும். பம்பு இயங்கினால்தான் உள்ளுறுப்புகள் இணையும். ஏ.எம்.டி. காரில் கிளட்சையும் கியரையும் இயக்குவதே மின்சாரம் என்பதால், பேட்டரி இல்லாமல் எதுவும் அசையாது. ஈய அமிலப் பேட்டரியின் ஆயுளையும் வெப்பம் வெகுவாகக் குறைக்கிறது என்பதால், வெயில் மிகுந்த ஊரில் ஏ.எம்.டி. காரின் பேட்டரியை முற்றிலும் சாகும் வரை விட்டுவைக்காமல் முன்கூட்டியே மாற்றுவதும், ஜம்பர் கேபிள் ஒன்றை வண்டியில் வைத்திருப்பதும் அவசியம். கியர் மாற மறுத்து வழியில் நின்ற பல ஏ.எம்.டி. கார்களில் பழுது கியர் பாக்ஸில் இல்லாமல், வலுவிழந்த பேட்டரியிலோ துருப்பிடித்த எர்த் இணைப்பிலோ இருப்பதுண்டு. எனவே, விலையுயர்ந்த உறுப்பை மாற்றச் சொல்லும் முன் மின்னழுத்தத்தை அளக்கச் சொல்வது நல்லது.

கட்டி இழுப்பதிலும் கவனம் வேண்டும். டார்க் கன்வெர்ட்டர் அல்லது சி.வி.டி. காரை அதன் முன்சக்கரங்கள் தரையில் உருளும்படி நெடுந்தூரம் இழுத்துச் சென்றால், எண்ணெய்ப் பம்பு ஓடாத நிலையில் உள்ளே பல்சக்கரங்கள் உலர்ந்து சுழன்று தேய்ந்துவிடும். முன்சக்கரங்களைத் தூக்கியோ, வண்டியை முழுமையாக ஏற்றியோதான் கொண்டுசெல்ல வேண்டும்.

உச்சிவேளைச் சோதனை

காலைக் குளிர்ச்சியில் எண்ணெய் கெட்டியாகவும் கிளட்ச் குளிர்ந்தும் இருப்பதால் கியர் பாக்ஸின் பல குறைகள் வெளிப்படுவதில்லை. எனவே, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஒருமுறை ஸ்டார்ட் செய்து பார்த்துவிட்டு, உச்சிவேளையில் ஏ.சி. போட்டு அரைமணி நேரமாவது ஓட்டிப் பார்த்த பின்பே முடிவெடுக்க வேண்டும். நெரிசலில் நின்று நின்று புறப்படும்போது உதறல் இருக்கிறதா, ரிவர்ஸிலிருந்து முன்னோக்கிய நிலைக்கு மாற்றுகையில் தாமதமோ இடியோ ஏற்படுகிறதா, டேஷ்போர்டில் கியர் எழுத்து மினுக்குகிறதா என்பவை கவனிக்கத்தக்கவை. ஏ.எம்.டி. காரில் ஒரு கியர் விடுபட்டு அடுத்தது விழும் இடைவெளியில் தலை லேசாக முன்னே ஆடுவது அவ்வகையின் இயல்பேயன்றிப் பழுதன்று. மேனுவல் நிலையில் மூன்றாம் கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்கையில் ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்தும்போது, வேகம் கூடாமல் எஞ்சின் சுற்று மட்டும் எகிறினால் கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது என்று கொள்ளலாம். எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் அமைப்பில், சாவியைத் திருப்பியதும் சில வினாடி ஒலிக்கும் பம்பு, ஓட்டும்போது ஓய்வின்றி ஒலித்தால் அழுத்தம் கசிகிறது என்று பொருள். ஸ்டியரிங்கின் கீழுள்ள 16 முனைச் செருகியில் ஸ்கேனர் பொருத்தி, பதிவான பிழைக் குறியீடுகளை வாங்கும் முன்பே படித்துவிடுவது, அதற்கு ஆகும் சிறு செலவைவிடப் பன்மடங்கு பயன்தரும்.

கரிசல் மண்ணில் மிகுந்துள்ள களிமண் கனிமங்கள் மழையில் உப்பி, கோடையில் சுருங்கி வெடிப்பதால், அதன் மேல் போட்ட சாலைகள் அலையலையாக நெளிகின்றன. ஆகவே சஸ்பென்ஷன் புஷ்களையும், சக்கர அச்சின் ரப்பர் உறைகள் கிழிந்து புழுதி உட்புகுந்துள்ளதா என்பதையும் பார்க்க வேண்டும். டயரின் பக்கச்சுவரிலுள்ள நான்கு இலக்கங்கள் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் காட்டும். மேற்பரப்புப் பள்ளங்களில் ஆழம் இருந்தும் வெயிலில் வெடிப்பு விட்ட பழைய டயர், நான்குவழிச் சாலை வேகத்துக்கு ஆபத்தானது.

மழை குறைந்த ஊரில் எவரும் எதிர்பாராத ஆபத்து, வெள்ளத்தில் மூழ்கிய கார். 2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் சென்னையிலும் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களிலும் கார்கள் நீரில் மூழ்கின. காப்பீட்டு நிறுவனங்கள் முழு இழப்பாக அறிவிக்கும் இத்தகைய கார்கள் விற்கப்பட்டு, சரிசெய்யப்பட்டு மீண்டும் சந்தைக்கு வருவதுண்டு. கட்டுப்பாட்டுப் பெட்டிகளையும் உணரிகளையும் நம்பும் ஆட்டோமேட்டிக்கில் இணைப்பு முனைகளின் மெல்லிய அரிப்பு பல மாதம் கழித்தே தொல்லை தரும். சீட் பெல்ட்டை இறுதி வரை உருவினால் தெரியும் சேற்றுக்கறை, தரைவிரிப்பின் அடியில் தங்கிய மண்டி, மின் முனைகளில் பச்சை பூத்த களிம்பு ஆகியவை வெள்ளத்தின் தடயங்கள்.

ஆவணமும் பாதுகாப்பும்

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆம் பிரிவுப்படி, மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாட்களிலும் வாங்கியவர் 30 நாட்களிலும் உரிமை மாற்றத்தைப் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். இதற்குப் படிவம் 29, 30 ஆகியவையும், கடன் நிலுவை இருந்து தீர்ந்திருந்தால் படிவம் 35ம் தேவை. பெயர் மாற்றாமலே பல கைகள் மாறிய கார் விபத்தில் சிக்கினால், ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே உரிமையாளராகக் கொள்ளப்பட்டு இழப்பீட்டுக்குப் பொறுப்பாவார் என 2018இல் நவீன்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே, பழைய கார் விற்கும் கன்சல்டிங்கில் வாங்கினாலும் தெரிந்தவரிடம் வாங்கினாலும், பெயர் மாற்றம் விற்பவர், வாங்குபவர் இருவருக்குமே காப்பு. காப்பீட்டையும் 14 நாட்களுக்குள் தம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும் என்பதால், 2014இல் பதிவான காருக்கு 2029இல் தகுதிச் சோதனையும் புதுப்பித்தலும் வரும் என்பதை விலை பேசும்போதே கணக்கில் கொள்ள வேண்டும். ஏ.பி.எஸ். 2019 ஏப்ரலுக்குப் பிறகும், ஓட்டுநர் காற்றுப்பை 2019 ஜூலைக்குப் பிறகுமே எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயமாயின. எனவே, அதற்கு முந்தைய மலிவான மாடல்களில் இவை இல்லாதிருக்கலாம். சிறிது கூடுதல் விலைக்கு இவையிரண்டும் உள்ள மாடல் கிடைக்குமானால், இசைப்பெட்டியையும் அலாய் சக்கரத்தையும் விட்டுக்கொடுத்தேனும் அதைத் தேர்வதே அறிவுடைமை.

எது பொருந்தும்?

சமதள நிலம், குறுந்தூரப் பயணம், எளிய பட்டறைகள் என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தின் அன்றாடத் தேவைக்குச் சிறிய ஏ.எம்.டி. காரே பொருத்தமானது. அதன் உள்ளுறுப்புகளில் பெரும்பாலானவை ஊர் மெக்கானிக் அறிந்த மேனுவல் காரின் உறுப்புகளே. கிளட்ச் மாற்றிய பின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குப் புதிய தகட்டை அறிமுகப்படுத்துவது போன்ற சில வேலைகளுக்கே ஸ்கேனர் வசதியுள்ள பட்டறை வேண்டும். காலந்தோறும் எண்ணெய் மாற்றியதற்கான சர்வீஸ் பதிவுகள் உள்ள டார்க் கன்வெர்ட்டர் கார், உதிரிபாகம் கிடைப்பதை உறுதிசெய்த பின், இரண்டாவது தேர்வாகலாம். சி.வி.டி.யும் இரட்டைக் கிளட்சும் முழு சர்வீஸ் வரலாறு இல்லாமல் மலிவாக வரும்போது, அந்த மலிவு பெரும்பாலும் வரப்போகும் பழுதுச் செலவின் தள்ளுபடியே என்று கொள்ள வேண்டும். எவ்வகையை வாங்கினாலும், கையிலுள்ள தொகை முழுவதையும் விலையாகக் கொடுத்துவிடாமல், பேட்டரி, டயர், கிளட்ச் அல்லது கியர் எண்ணெய், ரேடியேட்டர் சுத்தம் ஆகியவற்றுக்கு ஒரு பங்கை ஒதுக்கி முதல் மாதத்திலேயே செய்து முடித்தால், இடக்கால் வலுவிழந்த ஒருவரும் மூட்டு தேய்ந்த ஒரு தாயும் மதுரை மருத்துவமனைக்கு யாரையும் எதிர்பாராமல் தாமே ஓட்டிச் சென்று திரும்பும் நம்பகமான ஊர்தியாக அந்தப் பழைய கார் இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும்.